யாருக்கெல்லாம் உலை வைப்பது? குடியுரிமை இயங்கும் விதம்

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ‘குடும்பம்’ என்பதற்கு ஒரு விளக்கம் வைத்திருக்கிறார்கள். வழக்கமாகச் சேர்ந்து வாழ்ந்து, ஒரே அடுக்களையில் சமைத்ததைச் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். ஒரே வீட்டில் அண்ணன் ஓர் அடுப்பும் தம்பி ஓர் அடுப்பும் வைத்திருந்தால், கூரை ஒன்றுதான், கணக்கில் குடும்பம் இரண்டு. தனி ரேஷன் அட்டை கேட்டு அலைந்தவர்களுக்கும் இது தெரியும். தனிச் சமையல் உண்டா என்றுதான் அங்கேயும் கேட்பார்கள்.

நாட்டுக்கும் அப்படி ஓர் அடுக்களை உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய கூட்டுக்குடும்பம். உலை வைப்பதற்கு முன்னால் அப்பத்தா தலை எண்ணுவாள். இவன் நம் வீட்டு ஆள், இவள் விருந்தாளி, அவன் மழைக்குத் திண்ணையில் ஒதுங்கியவன் என்று பிரிப்பாள். இந்தியாவில் அந்த அப்பத்தாவின் பெயர் நாடாளுமன்றம். அவள் தலை எண்ணும் முறைக்குப் பெயர் 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம். அவள் எப்படி எண்ணுகிறாள், எப்போதெல்லாம் கணக்கை மாற்றினாள் என்று படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில் விருந்தாளியையும் வீட்டு ஆளையும் பிரித்துவிடுவோம். விருந்தாளிக்கும் இந்த வீட்டில் சோறு உண்டு. அவர் மேல் யாரும் கை வைக்க முடியாது. சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்னும் அரசியலமைப்பின் 14ஆம் பிரிவும், உயிரையும் தனிமனிதச் சுதந்திரத்தையும் காக்கும் 21ஆம் பிரிவும் இங்கே இருக்கும் எந்த மனிதருக்கும் பொருந்தும். வெளிநாட்டவருக்கும்தான். ஆனால் நாளைக்கு என்ன குழம்பு என்று சொல்லும் உரிமை வீட்டு ஆளுக்கு மட்டுமே. வாக்களிப்பது, தேர்தலில் நிற்பது, 19ஆம் பிரிவு தரும் பேச்சுரிமை, நாட்டின் எந்த மூலையிலும் போய்க் குடியிருக்கும் உரிமை எல்லாம் அதில் சேரும். விசா என்பது விருந்தாளி எத்தனை நாள் தங்கலாம் என்று சொல்லும் சீட்டு. அதை எத்தனை தடவை நீட்டித்தாலும் அது தானாகக் குடியுரிமையாகிவிடாது.

அடுத்து, முதல் தலைக்கணக்கு. 1947இல் வீடு பாகம் பிரிந்தது. யார் இந்தப் பக்கம், யார் அந்தப் பக்கம் என்று தெளிவில்லாத நேரம். அரசியலமைப்பு முழுமையாக நடைமுறைக்கு வந்தது 1950 ஜனவரி 26 அன்று. ஆனால் குடியுரிமை பற்றிய 5 முதல் 9 வரையிலான பிரிவுகளை இரண்டு மாதம் முன்னதாக, 1949 நவம்பர் 26 அன்றே நடைமுறைப்படுத்திவிட்டார்கள். அரிசி களைவதற்கு முன் ஆள் எண்ணுவதுதானே முறை. இந்தியாவையே நிலையான இருப்பிடமாகக் கொண்டவர் இங்கே பிறந்திருந்தாலோ, பெற்றோரில் ஒருவர் இங்கே பிறந்திருந்தாலோ, ஐந்து ஆண்டுகளாக இங்கே வசித்திருந்தாலோ குடிமகன் ஆனார். பாகிஸ்தானாகிவிட்ட பகுதியிலிருந்து வந்தவர்களுக்கு 1948 ஜூலை 19 என்று ஒரு கோடு போட்டார்கள். அதற்குப் பின் வந்தவர்கள் பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டியிருந்தது. கடைசியில் 11ஆம் பிரிவு, இனி இந்தக் கணக்கை நீயே பார்த்துக்கொள் என்று கரண்டியை நாடாளுமன்றத்தின் கையில் கொடுத்தது.

அப்பத்தா 1955இல் ஐந்து வாசல்களை வைத்தாள். பிறப்பு, வம்சாவளி, பதிவு, இயல்புரிமை, நிலப்பகுதி சேர்தல். இவற்றில் ஏதாவது ஒரு வாசல் வழியாகத்தான் உள்ளே வர முடியும்.

முதல் வாசல் பிறப்பு. நம்மில் பெரும்பாலோர் இதன் வழியாகத்தான் வந்தோம். ஆனால் எந்த ஆண்டில் வந்தோம் என்பதைப் பொறுத்து வாசலின் உயரம் மாறியிருக்கிறது.

1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை கணக்கு எளிது. இந்தக் கூரைக்குக் கீழே பிறந்த குழந்தைக்கு ஒரு தட்டு. அம்மா யார், அப்பா யார் என்ற விசாரணை இல்லை. வெளிநாட்டுத் தூதர்களின் பிள்ளைகள் போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. அமெரிக்காவில் 1868இல் வந்த 14ஆவது அரசியலமைப்புத் திருத்தமும் ஏறக்குறைய இதே கணக்கைத்தான் சொல்கிறது.

பிறகு அப்பத்தா கணக்கை இறுக்கினாள். 1987 ஜூலை 1 முதல் இங்கே பிறந்தால் மட்டும் போதாது, பெற்றோரில் ஒருவராவது இந்த வீட்டு ஆளாக இருக்க வேண்டும். அதற்குப் பிறகு இன்னும் ஒரு முடிச்சு. 2004 டிசம்பர் 3 முதல் பிறந்த குழந்தைக்குப் பெற்றோர் இருவருமே குடிமக்களாக இருக்க வேண்டும்; அல்லது ஒருவர் குடிமகனாக இருந்து, மற்றவர் ‘சட்டவிரோதக் குடியேறி’யாக இல்லாமல் இருக்க வேண்டும். முறையான பயண ஆவணம் இல்லாமல் நுழைந்தவரையும், அனுமதித்த நாளைத் தாண்டித் தங்கியவரையும் சட்டம் இந்தப் பெயரால் அழைக்கிறது.

ஆக, ஒரே மருத்துவமனையில், ஒரே பெற்றோருக்கு, 1986இல் பிறந்த அக்காளும் 1988இல் பிறந்த தம்பியும் சட்டத்தின் கண்ணில் வேறு வேறு ஆட்களாக இருக்க முடியும். இது கற்பனை இல்லை. தமிழ்நாட்டில் இலங்கைத் தமிழர் முகாம்களில் இப்படித்தான் நடந்திருக்கிறது. இலங்கையில் 1983இல் நடந்த கலவரத்துக்குப் பிறகு கடல் கடந்து வந்தவர்களின் பிள்ளைகளில், 1987 ஜூலைக்கு முன் இங்கே பிறந்தவர்கள் பிறப்பாலேயே இந்தியக் குடிமக்கள். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022இல் அப்படி ஒருவருக்குக் கடவுச்சீட்டு வழங்கச் சொன்னது. அந்தத் தேதிக்குப் பின் பிறந்தவர், அதே முகாமில் தவழ்ந்து, இங்கேயே கல்லூரிவரை படித்திருந்தாலும், பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இல்லாவிட்டால் குடிமகன் இல்லை.

இரண்டாம் வாசல் வம்சாவளி. பிழைக்கப்போன இடத்தில் பிள்ளை பிறந்துவிட்டது. நம் வீட்டுக் கணக்கில் அதற்குத் தட்டு உண்டா? 1992 டிசம்பர் 10க்கு முன்னால் அப்பத்தா ஓரவஞ்சனைக்காரி. மகன் வயிற்றுப் பேரனுக்குத் தட்டு வைத்தாள், மகள் வயிற்றுப் பேரனுக்கு வைக்கவில்லை. வெளிநாட்டில் பிறந்த குழந்தைக்கு அப்பா இந்தியராக இருந்தால்தான் குடியுரிமை. அம்மா இந்தியர் என்பது கணக்கில் சேரவில்லை. சுதந்திரம் வந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் இது திருத்தப்படாமல் கிடந்தது என்பதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. இப்போது அம்மா, அப்பா யார் இந்தியராக இருந்தாலும் சரி. ஆனால் 2004 டிசம்பருக்குப் பிறகு இன்னொரு வேலை சேர்ந்தது. பிள்ளை பிறந்த ஓராண்டுக்குள் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்ய வேண்டும். பிள்ளைக்கு வேறு நாட்டுக் கடவுச்சீட்டு இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். தவறவிட்டால் மத்திய அரசின் அனுமதி பெற்றுத்தான் பதிய முடியும். துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற நம் பிள்ளைகள் மறக்கக்கூடாத கெடு இது.

மூன்றாம் வாசல் பதிவு. மருமகளும் மருமகனும் இதன் வழியாக வருகிறார்கள். தாலி கட்டியதும் தட்டு வந்துவிடாது. இந்தியரை மணந்த வெளிநாட்டவர் இங்கே ஏழு ஆண்டுகள் வசித்த பிறகுதான் விண்ணப்பிக்க முடியும். இந்திய வம்சாவளியைச் சேர்ந்தவர் திரும்பி வந்தாலும் அதே ஏழு ஆண்டுதான். இதில் நீட்டிச் சொல்ல அதிகம் இல்லை.

நான்காம் வாசலில் கொஞ்சம் நிற்கலாம். இதற்கு இயல்புரிமை என்று பெயர். ரத்த உறவும் இல்லை, மண உறவும் இல்லை. வேலைக்கு வந்தவரோ, படிக்க வந்தவரோ, இந்த வீடே பிடித்துப்போய்த் தங்கிவிட்டார். வீட்டு வேலையில் தோள் கொடுத்தார். பந்தியில் எத்தனை வருஷம் உட்கார்ந்த பிறகு அவருக்கென்று ஒரு தட்டு?

கணக்கு இப்படிப் போகிறது. விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 12 மாதம் இடைவிடாமல் இங்கே இருந்திருக்க வேண்டும். அதற்கு முந்தைய 14 ஆண்டுகளில், விட்டுவிட்டு இருந்தாலும், கூட்டிப் பார்த்தால் 11 ஆண்டுகள் வர வேண்டும். ஆகமொத்தம் 12 ஆண்டுகள். நன்னடத்தை வேண்டும். அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஏதாவது ஒன்று போதுமான அளவு தெரிந்திருக்க வேண்டும். பலருக்குத் தெரியாத செய்தி இது: இந்தியோ ஆங்கிலமோ கட்டாயம் இல்லை. ஆங்கிலம் அந்த அட்டவணையிலேயே கிடையாது. தமிழ் தெரிந்தால் மொழி நிபந்தனை முடிந்தது. பெல்ஜியத்தில் பிறந்த பொருளியல் அறிஞர் ழான் திரேஸ் 2002இல் இந்தியக் குடிமகனானார். பழங்குடி மக்களோடு வாழ்ந்து அவர்களைப் பற்றி எழுதிய ஆங்கிலேயர் வெரியர் எல்வின் இந்த வாசல் வைப்பதற்கு முன்பே, 1954இல் ஆனவர். அறிவியல், தத்துவம், கலை, இலக்கியம், உலக அமைதி, மனிதகுல முன்னேற்றம் ஆகியவற்றில் சிறந்த சேவை செய்தவருக்கு இந்த நிபந்தனைகளை மத்திய அரசு தளர்த்தவும் சட்டத்தில் இடமுண்டு.

நிபந்தனை எல்லாம் சரி என்றால் பிறகு என்ன நடக்கும்? விண்ணப்பத்தை இணையவழியில் போடுகிறார்கள். அது மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் சரிபார்க்கப்படுகிறது. அங்கிருந்து மாநில அரசு. பிறகு தில்லியில் உள்துறை அமைச்சகம். பாதுகாப்பு விசாரணையும் நடக்கும். எல்லாம் சரியென்றால் உடனே சான்றிதழ் வராது. முதலில் உங்கள் விண்ணப்பத்தை ஏற்கிறோம் என்று ஒரு கடிதம் வரும். அதன் பிறகு பழைய நாட்டின் குடியுரிமையைத் துறந்ததற்குச் சான்று கொடுக்க வேண்டும். முதலிலேயே துறந்துவிட்டு வா என்றால், இங்கே கிடைக்காமல்போனால் மனிதர் அந்த அடுக்களையும் இல்லாமல் இந்த அடுக்களையும் இல்லாமல் நடுத்தெருவில் நிற்பார் அல்லவா? அதனால்தான் இந்த வரிசை. கடைசியில் அரசியலமைப்புக்கு உண்மையாக இருப்பேன் என்று உறுதிமொழி. அதற்குப் பிறகுதான் சான்றிதழ் கைக்கு வரும்.

பதிவு வாசலிலும் இயல்புரிமை வாசலிலும் ஒரு பூட்டு தொங்குகிறது. சட்டவிரோதக் குடியேறி என்று முத்திரை விழுந்தவர் எத்தனை ஆண்டுகள் இங்கே இருந்தாலும் இவை திறக்காது. படகில் உயிர் தப்பி வந்து ராமேசுவரம் கரையில் இறங்கியவர் கடவுச்சீட்டில் முத்திரை வாங்கிக்கொண்டா வந்திருப்பார்? 2019இல் செய்த திருத்தம் இந்தப் பூட்டைச் சிலருக்கு மட்டும் திறந்தது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31க்குள் வந்த இந்து, சீக்கிய, பௌத்த, சமண, பார்சி, கிறிஸ்தவர்களுக்கு அந்த முத்திரை நீங்கும். 11 ஆண்டுக்குப் பதில் 5 ஆண்டு வசித்தால் போதும். இதற்கான விதிகள் 2024 மார்ச்சில் வந்தன. முஸ்லிம்கள் பட்டியலில் இல்லை. நாடுகளின் பட்டியலில் இலங்கையும் இல்லை. நாற்பது ஆண்டுகளாகத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்களைக் கடந்துபோய் வேறு சிலரை மட்டும் பந்திக்கு அழைப்பது நியாயமான கணக்கு என்று எனக்குத் தோன்றவில்லை.

ஐந்தாம் வாசல் வேடிக்கையானது. இதில் ஆள் நகர்வதில்லை, சுவர்தான் நகர்கிறது. பக்கத்து வீட்டுக்கும் நம் வீட்டுக்கும் நடுவிலிருந்த சுவரை இடித்துவிட்டால், அந்த வீட்டில் சமைத்துக்கொண்டிருந்தவர்கள் அடுப்பைவிட்டு எழுந்திருக்காமலேயே நம் வீட்டு ஆட்கள் ஆகிவிடுவார்கள். கோவாவும் சிக்கிமும் சேர்ந்தபோது இதற்கெனத் தனித்தனி ஆணைகள் போட்டார்கள். 2015 ஜூலை 31 நள்ளிரவில் இந்தியாவும் வங்கதேசமும் எல்லைத் திட்டு நிலங்களை மாற்றிக்கொண்டபோது, இந்தியாவுக்குள் தீவுபோலக் கிடந்த 51 வங்கதேசத் திட்டுகளின் மக்கள், 14,000 பேருக்கும் மேல், படுத்த இடத்திலேயே இந்தியர்களாக விழித்தார்கள்.

நமக்குப் பக்கத்து உதாரணம் புதுச்சேரி. 1954 நவம்பர் 1இல் ஆட்சி கைமாறினாலும், சட்டப்படி அது இந்தியாவோடு சேர்ந்தது 1962 ஆகஸ்ட் 16 அன்று. அங்கிருந்த பிரெஞ்சுக் குடிமக்கள் இந்தியர்கள் ஆனார்கள். ஆனால் அந்தப் பகுதிகளில் பிறந்து அங்கேயே வசித்த பிரெஞ்சுக் குடிமக்கள் விரும்பினால் பிரெஞ்சுக் குடியுரிமையையே வைத்துக்கொள்ளலாம், ஆறு மாதத்துக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும் என்று ஒப்பந்தம் இடம் கொடுத்தது. ஒரு பகுதியினர் அப்படி எழுதிக் கொடுத்தார்கள். அதனால்தான் இன்றும் பிரெஞ்சு அதிபர் தேர்தலின்போது புதுச்சேரியில் வாக்குச்சாவடி வைக்கிறார்கள். தமிழ் பேசும் பிரெஞ்சுக் குடிமக்கள் வரிசையில் நின்று வாக்களிக்கிறார்கள்.

சரி, இரண்டு அடுக்களையிலும் சாப்பிடலாமா? அப்பத்தா இதில் கறார். அங்கே தட்டு எடுத்தால் இங்கே தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிடுவாள். இந்தியர் ஒருவர் தானாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்ற அந்தக் கணமே அவருடைய இந்தியக் குடியுரிமை போய்விடும். 2022, 2023 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஆண்டுக்கு 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்தியக் குடியுரிமையை விட்டிருக்கிறார்கள். அப்படிப் போனவர்கள் பலரும் ஓசிஐ எனப்படும் ‘கடல்கடந்த இந்தியக் குடிமகன்’ அட்டை வாங்கிவைத்துக்கொள்கிறார்கள். இரட்டைக் குடியுரிமை என்று இதைத் தவறாகச் சொல்கிறார்கள். அது எந்த நேரத்திலும் வீட்டுக்கு வந்து தங்கிப்போக ஒரு சாவி, அவ்வளவுதான். ஓசிஐ அட்டைதாரர் வாக்களிக்க முடியாது, தேர்தலில் நிற்க முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது.

எந்த அடுக்களையும் எண்ணாமல் விட்டுவிட்டால் என்ன ஆகும்? இங்கிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களின் வழிவந்த மலையகத் தமிழர்களைக் கேட்டால் சொல்வார்கள். 1948ஆம் ஆண்டு இலங்கைக் குடியுரிமைச் சட்டம் பிறந்த இடத்தை மட்டும் பார்க்கவில்லை. தகப்பனும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், அல்லது தகப்பனின் அப்பாவும் அவருக்கு அப்பாவும் அங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது. தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்தவரிடம் பாட்டனாரின் பிறப்புச் சான்று எங்கே இருக்கும்? பல லட்சம் பேர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து 9,75,000 பேரை எண்ணிப் பிரித்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரை 1974இல் பாதிப்பாதியாகப் பங்கு போட்டார்கள். அந்தந்த மனிதரிடம் யாரும் கேட்கவில்லை. நீலகிரியில் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் தேயிலை பறிக்கும் குடும்பங்களில் பல அந்தக் கணக்கில் வந்தவைதான். இலங்கையில் மிஞ்சி நின்றவர்களின் சிக்கலைத் தீர்க்க 2003வரை சட்டம் போட வேண்டியிருந்தது.

கடைசியாக, அத்தாட்சி. இங்கேதான் ஒரு வினோதம். பதிவு வாசலிலோ இயல்புரிமை வாசலிலோ வந்தவர் கையில் ‘இவர் இந்தியக் குடிமகன்’ என்று அரசு எழுதிக் கொடுத்த சான்றிதழ் இருக்கிறது. இந்த வீட்டிலேயே பிறந்த உங்களிடமும் என்னிடமும் அப்படிப்பட்ட சான்றிதழ் கிடையாது. பிறந்த பிள்ளைக்கு யாராவது ‘இது நம் பிள்ளை’ என்று சீட்டு எழுதி வைப்பார்களா?

ஆதார் இருக்கிறதே என்பீர்கள். 2016ஆம் ஆண்டு ஆதார் சட்டத்தின் 9ஆம் பிரிவே அது குடியுரிமைக்குச் சான்று அல்ல என்று சொல்லிவிட்டது. விண்ணப்பிப்பதற்கு முந்தைய 12 மாதத்தில் 182 நாள் இங்கே வசித்த வெளிநாட்டவரும் ஆதார் வாங்கலாம். இந்த ஆள் இந்தத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார் என்பதைத்தான் ஆதார் சொல்கிறது, வீட்டு ஆளா என்பதை இல்லை. ரேஷன் அட்டையும் ஓட்டுநர் உரிமமும் அதே மாதிரிதான். கடவுச்சீட்டுக்கு இவற்றைவிட எடை அதிகம், ஆனால் எல்லோரிடமும் அது இல்லை.

ஆக, கேள்வி வந்தால் நாம் காட்டக்கூடியது எந்த நாளில், எந்த ஊரில், யாருக்குப் பிறந்தோம் என்பதைத்தான். 2025இல் பீகாரில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் மேலே சொன்ன அதே 1987, 2004 தேதிகளை வைத்துத்தான் ஆவணம் கேட்டார்கள். 1987 ஜூலைக்கு முன் பிறந்தவர் தன் காகிதத்தைக் காட்டினால் போதும். அதற்குப் பின் பிறந்தவர் பெற்றோரில் ஒருவருடைய காகிதத்தையும் சேர்த்துக் காட்ட வேண்டும். 2004 டிசம்பருக்குப் பின் பிறந்தவருக்கு இருவருடையதும் தேவை.

அதனால் வீட்டில் குழந்தை பிறந்தால் 21 நாளுக்குள் பிறப்பைப் பதிவு செய்யுங்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல், கடவுச்சீட்டு எல்லாவற்றிலும் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் அந்தச் சான்றிதழ் ஒன்றுதான் ஆதாரம். அதில் அம்மா பெயரும் அப்பா பெயரும் அவரவர் ஆவணங்களில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். உங்கள் பிறப்புச் சான்றிதழையும் பள்ளிச் சான்றிதழையும் பிள்ளையின் காகிதத்தோடு சேர்த்தே வையுங்கள். சான்றிதழில் பிள்ளையின் பெயர் விடுபட்டிருந்தால் பதிவு செய்த நாளிலிருந்து 15 ஆண்டுக்குள் சேர்த்துக்கொள்ளலாம்; ஓராண்டு தாண்டினால் கட்டணம் உண்டு.